'போ'வும் 'மோனை'யும்

இலங்கைக் கடைகளுக்கு இன்னும் வந்துசேராத போன் ஒன்றை இணையத்தில் சொல்லி சிங்கப்பூரிலிருந்து எடுப்பித்த ஆள் புத்தூரில் யார் என்று கேட்டால், ஊர் சிரித்துக்கொண்டே தையல்கார உதயகலாவின் வீட்டைக் காட்டும். சிரிப்புக்குக் காரணம், அவளுக்கு இரண்டு காதும் கேளாது. "செவிடன் காதிலை சங்கு ஊதினாப்போலை. உவளுக்கு என்னத்துக்குப் போன்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு வாய் மட்டும்தான் நீளம். அந்தப் போன், பக்கத்தில் யார் கதைத்தாலும் கதையைத் தமிழில் எழுதிக் காட்டும். இங்கே விற்பனைக்கு வர ஆறு மாதமாகும் என்றார்கள். பதினாறு வருஷம் பொறுத்தவளிடம் இன்னும் ஆறு மாதம் பொறு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில், அவளுக்குப் பதினேழு வயது. ஷெல் விழுந்து காது அடைத்துப்போன நேரம், தாய் பாதைக்கு அந்தப் பக்கம் காலில் இரத்தத்தோடு கிடந்தாள். மகளைப் பார்த்து ஏதோ கத்தினாள். சத்தம் வரவில்லை. புழுதிக்குள் தெரிந்தது உதடு மட்டும்தான். இவள் கண்ட கணத்தில் அது மூடிக் குவிந்தது. 'போ' என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இவள் ஓடினாள். அதன்பிறகு தாயைக் காணவில்லை.

பிற்பாடு உதடு பார்த்துக் கதை பிடிக்கப் பழகியபோதுதான் அந்த வினை விளங்கியது. 'போ'வுக்கும் 'மோனை'யின் 'மோ'வுக்கும் உதட்டில் வித்தியாசமே இல்லை. பெற்ற பிள்ளையை 'மோனை' என்று கூப்பிடாத தாய் எங்கள் பக்கத்தில் ஏது? அம்மா சொன்னது 'போ'வா, 'வா மோனை'யா? 'வா' என்றிருந்தால், கூப்பிட்ட தாயைக் கைவிட்டு ஓடியவள் இவள். அந்தக் கேள்வியோடுதான் அவள் படுத்தாள், எழும்பினாள், ஊருக்கெல்லாம் சட்டை தைத்தாள்.

பெட்டி வந்தது. இலங்கையில் பதியாத வெளிநாட்டுப் போன் என்று சிம் வேலை செய்யவில்லை. கோல் எடுத்துக் கதைக்கவா அவள் வாங்கினாள்? தையல் மிசினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். ஆனால் போன் படித்தது இந்தியத் தமிழ். பக்கத்து வீட்டுக் குணலட்சுமி போகும்போது "வாறன்" என்றால் 'வாரம்' என்று எழுதியது. வாசல் படலையடியில் தன் மகனிடம் "என்ன மோனை" என்றதை 'என்ன போனை' என்றது. உதயகலா வயிறு நோகச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் வீட்டில் அவள் தனியே இருந்து தைத்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு சொல் விழுந்தது. 'அம்மா'.

எழுந்து பார்த்தாள். படலை கொழுவியபடி இருந்தது. கிணற்றடியில் ஒருவரும் இல்லை. திரும்ப வந்து மிசினை மிதிக்கத் தொடங்கியதும் மறுபடி 'அம்மா'. அதன் கீழே 'வா என்று போ என்று'. ஒரு துணியை எடுத்துப் போனை மூடினாள். மூடினாலும் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று நினைத்தபோது இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த நாள் அதைக் குணலட்சுமிக்குக் காட்டினாள். குணலட்சுமி திரையைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"உது நீதான், கலா. மிசினிலை இருந்தால் உந்தக் கதையைத்தான் முணுமுணுக்கிறனீ. 'அம்மா, வா எண்டோ சொன்னனீங்கள், போ எண்டோ' எண்டு. உனக்குக் கேக்காது தானே."

திரை பாதி, உதடு பாதியாக உதயகலா அதை வாசித்தாள்.

"எவ்வளவு காலமா?"

"நீ இஞ்சை வந்த நாள் தொட்டு. இந்த ஒழுங்கையிலை இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உன்னட்டை எப்பிடிச் சொல்லுறது?"

அவளுடைய நெஞ்சுக்குள் கிடந்ததை ஊரே வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறது, அவளைத் தவிர. வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. ஆனாலும் பேயில்லை, தன் வாய்தான் என்ற ஆறுதலில் அன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

மறுநாள் காலை கல்யாணச் சட்டை ஒன்றுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் வழக்கப்படி நாலு குண்டூசியை உதட்டுக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். வாய் அசைந்தால் ஊசி விழும். மிசினும் ஓடவில்லை.

திரையில் எழுத்து வந்தது. 'போ மோனை.'

அவள் கை நின்றது. ஒரு ஊசியும் விழவில்லை. குணலட்சுமி எத்தனை தரம் சொல்லியும் 'மோனை'யைச் சரியாக எழுதத் தெரியாத போன் அது. கீழே அடுத்த வரி வந்தது. 'நான் வாறன்.' அதிலும் பிழையில்லை.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு அழுதாள். போ என்றுதான் சொல்லியிருக்கிறாள். கூப்பிட்ட தாயை அவள் விட்டுவிட்டு ஓடவில்லை. பதினாறு வருஷப் பாரம் இறங்கியது.

அழுது முடித்து இரண்டாவது வரியைத் திரும்ப வாசித்தாள். போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் 'போறன்' என்று சொல்வதில்லை, 'வாறன்' என்றுதான் சொல்லிப் போவார்கள். அம்மா அன்றைக்கு விடைபெற்றதாக இருக்கலாம். அல்லது சொன்னபடியே வருகிறதாகவும் இருக்கலாம்.

உதயகலா எழுந்துபோய்ப் படலையின் கொழுவியைக் கழற்றித் திறந்து வைத்துவிட்டு, திரும்ப வந்து இருந்தாள்.