மூச்சை விட்டுத் தூக்கு

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்னை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். டெம்பரரி என்றால் அதுதான். எண்பதுகளில் ஒரு வருஷம், பளு தூக்கும் டீமுக்கு ஓர் ஆளை எடுத்து பர்மனென்ட் ஆக்கப்போவதாக போர்டில் ஒட்டினார்கள். எண்பது கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்த வேண்டும். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். இதை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை.

பலம் இருந்தது. மூச்சுதான் எமனாக வந்தது. என் வேலை முலாம் பூசும் பிரிவில், ஆசிட் தொட்டியோரம். அங்கே சாமான்கள் தொங்கும் கம்பியில் கை வைத்ததும், ஆசிட் புகை ஏறாமலிருக்க மூச்சை அடக்கிவிட வேண்டும். சாமான்களை முக்கியெடுத்துத் தள்ளி வந்த பிறகுதான் விடலாம். பாழாய்ப்போன உடம்பு அதையே பழகிக்கொண்டது. தகரக் கூரை போட்ட ஜிம்மில் பாரைத் தொட்டாலும் மூச்சு அடைத்துக்கொள்ளும். பார் நெஞ்சு வரை வரும், கண் இருட்டும், பொத்தென்று உட்கார்ந்துவிடுவேன். ஒரே வாரத்தில் மூன்று தடவை. அழுதேன், ஆமாம், இதில் என்ன வெட்கம்.

கூடவே பயிற்சி செய்த பாய் என் வயதுக்காரர், குந்தாரப்பள்ளி சந்தையில் மூட்டை இறக்குபவர். அவர் சிரித்தார்.

"யோவ், மூட்டை தூக்கறப்ப நாங்க கத்தறோமே, எதுக்குன்னு நெனச்ச? கத்துனா மூச்சு வெளிய போயிரும். எறக்கறப்ப இழு, ஏத்தறப்ப கத்து."

கத்தினேன். ஜிம்முக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கன்னடத்தில் திட்டினார்கள். அப்படியும் நாலு தடவைக்கு ஒரு தடவை தொண்டை பூட்டிக்கொண்டது.

தேர்வு நாளில் மூன்று வாய்ப்பு கொடுத்தார்கள். முதல் இரண்டிலும் பூட்டிக்கொண்டது, பாரைப் போட்டுவிட்டேன். அதிகாரி அடுத்த பெயரைத் தேட ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது தடவை என்ன கத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. பார் மேலே போய் நின்றது.

"சரி, எறக்கு" என்றார் அதிகாரி.

நான் இறக்கவில்லை. கீழே வைத்ததும் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்? மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.

"ஏம்பா, போதும், கீழ வை!"

"மொதல்ல எழுதுங்க சார்," என்றேன். "எழுதுங்க, வெக்கிறேன்."