படுக்கையா, விரிப்பா?

பிஷ்கெக் நகரச் சந்தையில் கடை வைத்திருக்கும் புருல்கானுக்கு விருந்தாளிப் பைத்தியம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். வழி கேட்டு வந்தவனைக்கூட உட்காரவைத்துத் தேநீர் கொடுத்த பிறகுதான் வழி சொல்வாள். வாயும் கொஞ்சம் நீளம். நீதிமன்றத்தில் அந்த வாயைச் சற்று மூடி வைக்கும்படி அவளுடைய வக்கீல் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தார்.

சீனாவிலிருந்து அவள் வரவழைத்த தோஷோக்குகள் சுங்கக் கிடங்கில் முடங்கிக் கிடந்தன. தோஷோக் என்றால் தரையில் போடும் நீளமான பஞ்சு மெத்தை. சுங்கப் படிவத்தில் அவள் படுக்கை என்று எழுதிக் கொடுத்தாள். சுங்கத்துறையோ தரைவிரிப்பு என்று வகைப்படுத்தி, தலையில் இடி விழுந்ததுபோல் வரி போட்டுவிட்டது. வழக்கில் தோற்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். புருஷன் போன பிறகு பிள்ளைகளை ஆளாக்கிய கடை அது.

நீதிபதி நூர்சாதா கேட்டார்: "உங்க வீட்டுல இதுல யாரும்மா படுக்கறது?"

"நாங்க படுக்கறதா? நல்லா கேட்டீங்க போங்க! அது விருந்தாளி உட்கார்றதுக்கு. என் பிள்ளைங்க அதுமேல கால் வெச்சா காலை ஒடிச்சிருவேன்!"

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். சுங்க அதிகாரி மெலிஸ் நீதிபதி அம்மாவைப் பார்த்துத் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களாம்மா? உட்கார்ற விரிப்புன்னு அக்காவே ஒத்துக்கிட்டாங்க!"

நீதிபதி யோசித்தார். "சரி, வந்தவங்க சாப்பிட்டுட்டு சாயந்திரமே கிளம்பிடுவாங்களா?"

புருல்கானுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாயந்திரமா? அப்படி அனுப்பினா அப்புறம் நான் எந்த மூஞ்சியோட சந்தைக்குப் போவேன்? தின்னுட்டு உட்கார்ந்த இடத்துலயே சாய வேண்டியதுதான். காலையில போர்சோக் ரொட்டி பொரிச்சுப் போடாம யாரையும் வாசலைத் தாண்ட விடமாட்டேன்!"

மன்றமே சிரித்தது. நீதிபதியும் விருந்துக்குப் போய் மாட்டிக்கொண்டவர்தான் போலிருக்கிறது. உட்காருவதில் தொடங்கினாலும் உறக்கத்தில் முடிவதால் இது படுக்கையே என்று சொல்லி, சுங்கத்துறையின் உத்தரவை ரத்து செய்தார்.

வாசலில் மெலிஸ் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றான். புருல்கானுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்ப்பா, இப்படி இளைச்சுப் போயிருக்கே? இன்னிக்கு ஆடு அறுக்கறோம். வா வீட்டுக்கு."

"வரேன்க்கா. ஆனா சாப்பிட்ட உடனே கிளம்பிடுவேன்."

"அடப்பாவி!" அவள் பதறிப்போய் நீதிமன்றத்தைத் திரும்பிப் பார்த்து, அவன் கையை இறுகப் பிடித்தாள். "ராத்திரி தங்காம போனீன்னா என் மெத்தை மறுபடியும் விரிப்பாயிடுமேடா!"