கடைசி வரியைப் படித்தவர்

மனைவி இறந்த பிறகு நான் ஒரு கவிதைதான் எழுதியிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் அது ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் அந்தப் பத்திரிகையை மடியில் வைத்திருந்தேன்.

"செத்த குடுங்க சார், பாத்துட்டுத் தாரேன்" என்று பக்கத்தில் இருந்தவர் வாங்கிக்கொண்டார். நரைத்த மீசை, காலடியில் ஒரு துணிக்கட்டு. வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசைய, எதையும் இரண்டு முறை படித்தார், பல்பொடி விளம்பரத்தைக்கூட.

என் கவிதையையும் அப்படித்தான் படித்தார்.

"பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டாரு போல. எம்புட்டு துக்கம்! ஆனா இவரு மீண்டு வந்துருவாரு சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவ சேலை, செருப்பு எல்லாத்தையும் பாத்து அழுதுட்டு, கடைசில 'நாளைக்கு மழை வருமா'ன்னு கேக்காரு பாருங்க. எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கிறவன் நாளைக்கு உள்ளத எதுக்குக் கேக்கான்?"

எப்படி முடிப்பதென்று தெரியாமல் நான் எழுதிய வரி அது.

"இந்தத் தாளு மட்டும் கிடைக்குமா சார்? மாப்ள தவறுனதுலருந்து எந் தங்கச்சி யாருகிட்டயும் பேச மாட்டேங்கா. படிச்சுக் காட்டணும்."

ஓரம் கிழியாமல் பிரித்துக் கொடுத்தேன். எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கவிதையை விட்டுவிட்டு எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்திருப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் துணிக்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தத் தங்கை பேசினாளா என்று எனக்குத் தெரியாது. பேசியிருப்பாள் என்றே நம்புகிறேன். அந்த வாரமே நான் அடுத்த கவிதையைத் தொடங்கிவிட்டேன்.