மாடிச் சாவி

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மார்கழிப் பௌர்ணமி. அன்று காலையில் என் கணவர் பேப்பரை மடித்து என் முன்னால் நீட்டினார். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பேப்பர் வாசிப்பதெல்லாம் அவர் வேலை.

"இந்தாமே, இன்னிக்கு நிலா ரொம்பக் கிட்ட வருதாம். இவ்ளோ வெளிச்சம் நாம பார்த்திருக்கவே மாட்டோமாம்."

"கிட்ட வந்தா இன்னா? நம்ப வூட்டுக்கு வந்து காபி குடிக்கப் போவுதா?"

"அது வராது. நாமதான் போவணும். சாயங்காலம் மேல போய் சாவி வாங்கினு வா."

மயிலாப்பூரில் அப்போது கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் சுவர்தான். மொட்டை மாடிச் சாவி, முதல் மாடியில் இருந்த ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் இருக்கும். யார் கேட்டாலும் கொடுப்பார். எனக்குத்தான் கேட்க வராது. அங்கே இருந்த ஆறு வருஷமும் துணியைச் சந்திலேயே காயப் போட்டேன். என் கணவருக்கு இருதயம் பலவீனம்; ஆனாலும் மெதுவாகப் படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவி ஒன்றுதான் வேண்டியிருந்தது.

விளக்கு வைத்ததும் மேலே போனேன். வாசலில் நாலைந்து ஜோடி புதுச் செருப்பு. உள்ளே விருந்தாளிகள் சிரிக்கிற சத்தம். பெல்லுக்குக் கையைத் தூக்கினேன். இந்த வயதில் நிலா பார்க்க வேண்டும் என்றால் சிரிக்க மாட்டார்களா? இறங்கி வந்துவிட்டேன்.

"அவங்க வூட்ல இல்லீங்க," என்றேன்.

அப்போதுதான் எங்கள் தலைக்கு மேலே பிள்ளைகள் தடதடவென்று ஓடின. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி வுடு. அடுத்த மாசம் வராமலா பூடும்?"

இரண்டு பேரும் சந்தில் போய் நின்றோம். நிலா தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரின் மேல்பாதி மட்டும் புதுசாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அவர் கையை நீட்டி அந்த வெள்ளையைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை. பனி இறங்குது, உள்ளே வாங்க என்று அதையும் நான்தான் சீக்கிரம் முடித்தேன்.

இங்கிலீஷ் புது வருஷம் பிறந்த மறுநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

பதினாறு முடிந்ததும் ஹவுஸ் ஓனர் அம்மா சாவியோடு இறங்கி வந்தார்.

"அவர் போர்வையெல்லாம் மாடில காயப் போடுங்கம்மா. அன்னிக்கு எங்க வாசல் வரைக்கும் வந்தீங்களாமே? பசங்க ஜன்னல்ல பார்த்தாங்களாம். பெல் அடிச்சிருக்கலாம்ல?"

"ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான்," என்றேன். அப்போதும் சொல்ல வரவில்லை.

தைப் பௌர்ணமி சாயங்காலம் போர்வையை எடுக்கப் போனேன். எந்தப் படியில் அவர் மூச்சு வாங்க நின்றிருப்பார் என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில், அவர் சொன்னபடியே, நிலா வந்திருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்வையை மடித்தேன்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க அந்த வாசலில் நின்று பெல் அடித்தேன். ஒரே தடவைதான் அடித்தேன். உடனே கதவு திறந்தது.