மாமியிடம் சொல்லிவிட்ட சேதி

மன்னாரிலிருந்து வந்து இத்தாலியின் பலெர்மோ நகரில் குடியிருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்குச் சனத்தில், பெரிய வெள்ளியன்று செலஸ்ரீனா அக்கா ஒப்பாரி வைத்தால்தான் கோவில் அழும். மற்ற நாட்களில் வியா மக்வேதா என்ற தெருவில், சிஞ்ஞோரா என்று அவர் அழைக்கும் ஓர் இத்தாலியப் பெண்மணியின் வீட்டைத் துடைப்பார். அக்காவின் கணவர் பவுல் ஊரில், பேசாலையில், கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. இறந்தவர்களுக்கான ஆத்துமப் பூசை வைக்கச் சொன்னவர்களிடம், "இருக்கிற ஆளுக்கு என்ன பூசை?" என்று கேட்டவர் அக்கா. இன்றுவரை செபத்தில் பவுலை உயிரோடிருப்பவர்களுடன்தான் சேர்க்கிறார்.

பழங்காலக் கிரேக்கர் ஓட்டத்துக்கு மட்டுமல்ல, பாட்டுக்கும் கவிதைக்கும்கூடப் போட்டி வைத்தார்களாம். அதை மறுபடி தொடங்கியிருக்கும் ஒரு சங்கம் போன வசந்தத்தில் பலெர்மோவில் கூடியது. இரங்கற்பாட்டும் ஒரு பிரிவு. சிஞ்ஞோரா அக்காவின் பெயரைக் கொடுத்துவிட்டார். இறந்த ஒருவரை நினைத்துப் பாடவேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி.

"அப்பாவைப் பாடுங்கோவன்," என்றாள் மகள் றம்யா.

"பேர் சொல்லி அழுதால் முடிஞ்சுது, பிள்ளை. மாமியைப் பாடுறன்," என்றார் அக்கா. மாமி, பவுலின் தாய்.

"அப்பம்மாவையோ? செத்தவீட்டிலை நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடேல்லையாமே."

"அதுதான் மிச்சம் கிடக்கு."

மேடையில் நன்றாகத்தான் தொடங்கினார். எங்கள் ஒப்பாரியில் ஒரு வழக்கம் உண்டு: போகிறவரிடம், முன்னே போனவர்களுக்குச் சேதி சொல்லிவிடுவது. தகப்பன், பாட்டன் என்று வீட்டில் இறந்தவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். வாய் பழகிய வழியில் போகும்.

"அப்புவைக் கண்டால் அழுதனெண்டு சொல்லணை மாமி,
பவுலைக் கண்டால் பிள்ளை வளந்திட்டாளெண்டு சொல்லணை மாமி..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். றம்யா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். தமிழ் தெரியாத சபை, பாட்டு அப்படித்தான் முடிகிறதென்று நினைத்துக் கைதட்டியது. நெடுநேரம் தட்டியது.

இரண்டாம் பரிசு என்றார்கள். இலை வளையத்தைத் தலையில் வைக்குமுன், யாருக்காகப் பாடியது என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"அப்பம்மாவுக்கு," என்று றம்யா முந்திக்கொண்டு இத்தாலிய மொழியில் சொன்னாள்.

"பொய் சொல்லாதை, பிள்ளை," என்றார் அக்கா. பிறகு அறிவிப்பாளரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் தன் கணவர் என்றார். பெயர் பவுல் என்றார்.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் அந்தப் பெயரைச் சொன்னார். சபை எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தது. பவுலுக்கு யாரும் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.