கூரைக் கடைவீதியில் போட்ட பச்சை வளையல்

பேய், செய்வினை என்று யாராவது வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிறவள் நான். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் இது பட்டப்பகலில் என் கையிலேயே நடந்தது.

எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோடு. கல்யாணமாகி வருஷக்கணக்காக எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், திருப்பூரிலிருந்து மகள் ரம்யாவோடு வந்திருந்தார். ரம்யாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு வளையல் வாங்க வேண்டும். பாலக்காட்டில் மேலே கூரை போட்ட பழைய கடைவீதி ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் விழும், அதைப் பார்க்க அவளுக்கு ஆசை. பை தூக்க நானும் போனேன்.

ரம்யா பாவம், தூணுக்குத் தூண் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். வளையல் கடைக்காரம்மா அவளுடைய வீங்கின கையில் எண்ணெய் தடவி, பச்சைக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். இரண்டு கையும் நிறைந்தது. அடுத்து என் கையைப் பிடித்தார்.

"அவளுக்கு எதுக்குங்க? மலடி கையில போட்டா எம்புள்ளைக்கு ஆகாதுங்க" என்றார் அண்ணி. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் மனசில்கூட ஒரு சாபமும் விடவில்லை, சத்தியமாக.

வளையல் போடாத இரண்டு கையிலும் பையோடு பின்னால் நடந்தேன், வழியில் எங்கேயும் பையைக் கீழே வைக்கவில்லை. கடைவீதி முடிந்து வெயில் விழுகிற இடத்தில் ரம்யா நின்றாள்.

"அம்மா, என்ற வளையல் எங்கீங்க?"

அவள் கையில் எண்ணெய் மினுமினுப்பு மட்டும்தான் இருந்தது. பச்சை வளையல் அத்தனையும் என் கையில். என் கை அவள் கையைவிடப் பெரிது, அந்த அளவு வளையல் என் விரல் முட்டியைத் தாண்டவே தாண்டாது.

"திருட்டு நாயே, கழட்டுடி" என்று அண்ணி இழுத்தார். வரவில்லை. என் கை இரண்டையும் கல்தூணில் அடித்து அடித்து வளையல்களை உடைத்தார். ரத்தம் முழங்கை வரை வழிந்தது. "உடுங்கம்மா, அத்தைய உடுங்க" என்று ரம்யா அழுதாள். கடைக்காரர்கள் படியில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மறுமாதம் ரம்யாவின் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது, பெண் குழந்தையாம். அதற்கப்புறம் எனக்குத் தள்ளிப்போனது. எனக்கும் பெண்தான். பிள்ளையைத் தின்று பிள்ளை பெற்றவள் என்று சொந்தக்காரர்கள் யாரும் எங்கள் வாசலை மிதிப்பதில்லை.

என் மகளுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. போன தீபாவளிக்குத் தன் அம்மாவுக்குத் தெரியாமல் ரம்யா வந்தாள், இன்னும் அவளுக்குக் குழந்தை இல்லை. சமையல்கட்டிலிருந்த என் மகள் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள். அதுதான் அவள் பேசின முதல் வார்த்தை.

"அத்தை, ஒரே ஒரு நாளைக்கு எங்கூட அனுப்புங்க" என்றாள் ரம்யா. நான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். ரொம்ப நேரம் தட்டினாள். திறக்கவில்லை. நான் பெற்ற பிள்ளை, எதற்குக் கொடுக்க வேண்டும்?

இப்போது நன்றாகவே பேசுகிறாள். பசித்தால் என் சேலையை இழுப்பாள். ஆனால் வழியில் போகிற யாரையோ கூப்பிடுகிற மாதிரி, இன்றுவரை என்னை "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுகிறாள்.