பத்துக் கம்பியும் அம்மாவின் அடிக்குரலும்

பத்துக் கம்பிகளையும் ஒரே இழுப்பாக மீட்டும்போது, கழுவிக் கவிழ்த்த ஸ்டீல் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசுவது போல ஒரு சத்தம் வரும். ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் அபார்ட்மென்டில், நான் நாலாம் வகுப்பு படித்த குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட சத்தம் அது. வாத்தியத்தின் பெயர் ‘டிப்பிள்’. பார்க்கக் கிட்டாருக்குத் தம்பி மாதிரி இருக்கும். வாசித்தவர் சேவியர் அங்கிள், தூத்துக்குடிக்காரர், வங்கி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் இப்படியொரு சின்னக் கம்பி வாத்தியத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் மெட்டைப் பாட மற்றவர்கள் மேலும் கீழுமாகக் குரல் சேர்த்த ஜாஸ் பாட்டுகள் என்றால் அவருக்கு உயிர். அப்படி ஒன்றைத் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பாடியே தீருவதென்று மூன்று நண்பர்களைப் பிடித்து, எங்கள் வீட்டு ஹாலில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார்.

விழா நெருங்கும்போது, அடிக்குரல் பாடிய நண்பர் வேலை கிடைத்து டெக்சஸில் கேட்டி என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார். பெரிய பேஸ் வாத்தியத்தின் வேலையை ‘டூம் டூம்’ என்று வாயாலேயே செய்தவர் அவர்தான்; அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை. மீதி மூவரும் முகம் தொங்கிப்போய்ப் பாடிக்கொண்டிருக்க, சமையலறையிலிருந்து அந்த ‘டூம் டூம்’ வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாதான்.

“சிஸ்டர், இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? நீங்களே ஜாயின் பண்ணுங்க,” என்றார் அங்கிள்.

“சும்மா இருங்க பிரதர். இந்த ஆம்பளத் தொண்டைய மேடையில யாரு கேப்பா?”

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சென்னையில் பள்ளிப் பாடகர் குழுவில், ‘நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்’ என்று அவளைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு சர்ச்சில்கூட அவள் வாய்விட்டுப் பாடியதில்லை. ஆனால் சேவியர் அங்கிள் லேசில் விடுகிற ஆளில்லை.

விழாவில் அம்மா பட்டுப்புடவையோடு மூன்று ஆண்களுக்கு நடுவே நின்று தொடங்கினாள். விழாவை நடத்திய வசந்தா ஆன்ட்டி, அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்றே முடிவு செய்து, மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலோடு பாட்டின் நடுவிலேயே மேடை ஏறிவிட்டார்.

“இதக் குடிச்சிட்டுப் பாடும்மா, வாய்ஸ் சுத்தமா போயிடுச்சு பாரு.”

மைக்கில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் எனக்கு அழுகை முட்டியது; இதோ அம்மா மறுபடி வாயை மூடிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டாள். ‘டூம் டூம்’ நிற்கவில்லை. இன்னும் கீழே இறங்கினாள். என் மடக்கு நாற்காலி அதிர்ந்தது. சிரித்தவர்களே கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். அவள் என் அம்மா என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம், கேட்டார்களோ இல்லையோ, சொல்லிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

இன்று அந்தக் கோஷ்டி இல்லை. அங்கிள் டிப்பிளோடு கலிஃபோர்னியா போய்விட்டார். எங்கள் கட்டடத்தை இடித்து உயரமாக ஏதோ கட்டிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் வெஸ்ட் வின்ட்சரில் என்னோடு இருக்கிறார்கள். கஸ்டமர் சர்வீஸ்காரர்கள் அம்மாவைப் போனில் இன்னும் ‘சார்’ என்றுதான் அழைக்கிறார்கள். ஜெர்சி சிட்டிக்கு வந்த புதிதில், அதைக் கேட்டதுமே போனை அப்பாவிடம் நீட்டிவிடுவாளாம். இப்போது நீட்டுவதில்லை.

“நாட் சார், மேடம். கோ அஹெட்,” என்கிறாள், குரலைத் துளியும் மெலிதாக்காமல்.